சாமி மேடைச் சாமான்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் தைப்பூசம் நெருங்கினால் கோவில் பின்கட்டில் பாத்திரம் துலக்கும் வேலை தொடங்கிவிடும். அண்டா, குடம், அடுக்குத் தீபம், தாம்பாளம் எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்திருப்பார்கள். இருபது வருடத்துக்கும் மேலாக நானும் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து துலக்கி வருகிறேன். கை வேலை செய்ய, பேச்சு எப்படியும் அவரவர் வீட்டுச் சாமி மேடைக்கு வந்துவிடும். "அக்கா, வெள்ளி விளக்கு கறுத்துப்போச்சு, என்ன போட்டுத் தேய்க்கிறது?" "சாமி படத்துல பூசணம் பூத்திருக்கு, எடுத்துடலாமா?" இந்தக் கேள்விகளே திரும்பத் திரும்ப வருவதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் குருக்கள் வீட்டுப் பெண் அல்ல, ஆகமம் படித்தவளும் அல்ல. பிரதிஷ்டை, பரிகாரம் போன்றவற்றை உங்கள் கோவில் குருக்களிடம்தான் கேட்க வேண்டும். கையால் செய்யும் வேலையைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

பூசைச் சாமான்களை எந்தக் கிழமை துலக்க வேண்டும்?

எங்கள் வீடுகளில் வியாழக்கிழமை சாயங்காலம். செவ்வாயும் வெள்ளியும் விளக்கு துலக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவை விளக்கேற்றிக் கும்பிடும் நாட்கள். முதல் நாளே வேலையை முடித்துவிட்டால் மறுநாள் ஈரக்கையோடு அலையாமல் நிதானமாக உட்கார்ந்து கும்பிடலாம். வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை துலக்கினாலும் குற்றமில்லை.

தினமும் செய்ய வேண்டியவை மூன்றே. நேற்றைய பூவை எடுப்பது, பஞ்சபாத்திரத்துத் தண்ணீரை மாற்றுவது, விளக்கடியில் வடிந்த எண்ணெயைத் துடைப்பது. விளக்கும் தட்டும் வாரம் ஒருமுறை. விக்கிரகத்தை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். விளக்கையும் விக்கிரகத்தையும் ஒரே வாளியில் போட்டு ஒரே நாரால் தேய்ப்பதுதான் பல வீடுகளில் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனசு பதைக்கிறது.

பித்தளை, செம்புக்குப் புளி போடலாமா?

போடலாம். நம் பாட்டிமார் கண்டுபிடித்த நல்ல முறை அது. செம்பு காற்றிலும் ஈரத்திலும் கறுக்கும், புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் அந்தக் கறுப்பைக் கரைத்துவிடும். பித்தளையும் செம்போடு துத்தநாகம் கலந்ததுதான் என்பதால் அதற்கும் இதே கதைதான்.

ஆனால் தேய்த்த பிறகு செய்வதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். புளித்தண்ணீர் விளக்கின் மடிப்பிலும் திருகிலும் கொஞ்சம் தங்கினாலும் இரண்டு நாளில் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். நிறையத் தண்ணீர் விட்டு, விளக்கைக் கழற்றித் தனித்தனியாக அலசி, உடனே துணியால் துடைத்து, வெயிலில் பத்து நிமிடம் வைத்தால்தான் வேலை முடிந்தது. நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம். தானாகக் காயட்டும் என்று விட்டால் காயாது.

எலுமிச்சையோடு உப்பைச் சேர்த்துத் தேய்ப்பவர்கள் அதிகம். கண்ணெதிரே பளிச்சென்று ஆகும். ஆனால் உப்பு செம்புக்கு எதிரி. சரியாக அலசாமல் விட்ட உப்பு உலோகத்துக்குள்ளே அரித்துக்கொண்டே போய், வெளிறிய பச்சைப் பொடியாகத் திரும்பத் திரும்பக் கிளம்பும். கடலோரத்தில் குடியிருக்கும் நமக்குக் காற்றிலேயே உப்பு இருக்கிறது, கையால் வேறு சேர்க்க வேண்டாம்.

இன்னொன்று. கடையில் பளபளவென்று வாங்கிய பித்தளைச் சாமானில் பெரும்பாலும் வார்னிஷ் பூச்சு இருக்கும். அதைப் புளியால் தேய்த்தால் பூச்சு திட்டுத் திட்டாகப் போய், தேமல் பட்டதுபோல் ஆகிவிடும். பூச்சு இருக்கும் வரை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

சைவ சித்தாந்தத்தில் உயிரோடு ஒட்டிய ஆணவ மலத்துக்கு, அதாவது உயிரை மறைக்கும் அறியாமை அழுக்குக்கு, செம்பில் களிம்பைத்தான் உவமை சொல்வார்கள். களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல, செம்போடே இருப்பது என்பது அவர்கள் கணக்கு. துலக்கும்போது இதை நினைத்துக்கொண்டால் கை தானாக நிதானப்படும்.

பஞ்சலோக விக்கிரகத்தை எப்படிச் சுத்தம் செய்வது?

இதற்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன்.

என் மாமியார் வீட்டில் ஒரு முருகன் இருக்கிறார். ஐந்து அங்குலம்கூட வராது. மாமியாரின் பாட்டி ஊரிலிருந்து கப்பலில் வரும்போது மடியில் கட்டிக்கொண்டு வந்தது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் அவரை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது திடுக்கிட்டுப் போனேன். முகத்தில் மூக்கு இல்லை. கண் இருந்த இடத்தில் இரண்டு பள்ளம்போல் மெல்லிய நிழல். வேலின் முனை மழுங்கியிருந்தது. யாரும் கீழே போட்டதில்லை, எதிலும் இடித்ததில்லை. மூன்று தலைமுறைப் பெண்கள் வாரா வாரம் புளியும் தேங்காய் நாரும் கொண்டு அன்போடு தேய்த்த தேய்ப்பு.

அன்று நானும் புளியைக் கரைத்துக்கொண்டு வந்து, "அத்தை, இன்னும் கொஞ்சம் தேய்க்கட்டுமா? காது பக்கம் கறுப்பா இருக்கு" என்றேன். அவர் என் கையைப் பிடித்து, "போதும்மா, சாமிக்கு வலிக்கும். எங்க அம்மாவும் நானும் தேய்ச்ச வரைக்கும் போதும்" என்றார். அதற்குப் பிறகு அந்த முருகன் மேல் நார் பட்டதே இல்லை.

பஞ்சலோகம் என்று சொன்னாலும் அதில் பெரும்பங்கு செம்புதான். வெள்ளியும் தங்கமும் இம்மியளவே சேரும். சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டலைப் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். பிறகு அச்சை உடைத்துத்தான் உருவத்தை எடுக்க வேண்டும். அதனால் அப்படி வார்த்த ஒவ்வொரு விக்கிரகமும் ஒற்றைப் பிள்ளை. கண், இதழ், நகை வேலைப்பாடெல்லாம் கடைசியில் உளியால் செதுக்கியவை. நாம் அழுத்தித் தேய்த்தால் முதலில் அழிவது அந்தச் செதுக்கல்தான்.

நான் செய்வது இது. அபிஷேகம் ஆனவுடன் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, பச்சரிசி மாவைத் தூவி விரலால் மட்டும் தடவுவேன். பாலின் பிசுக்கையும் எண்ணெயையும் மாவு இழுத்துக்கொள்ளும். கழுத்து மடிப்பிலும், சாமிக்குப் பின்னால் வளைவாக நிற்கும் திருவாசியின் இடுக்கிலும் பஞ்சுக்குச்சி. தயிர், தேன், பஞ்சாமிர்தம் இடுக்கில் தங்கினால் எறும்பு வரும், புளித்துப்போய்க் களிம்பும் பிடிக்கும். பிறகு பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி எடுப்பது. பொட்டு வைக்கும்போது முதலில் சந்தனம், அதன் மேல் குங்குமம். குங்குமத்தை நேரே உலோகத்தில் வைத்தால் சாயம் ஏறி, அதைப் போக்க மறுபடி தேய்க்க வேண்டிவரும்.

நாள்பட்ட விக்கிரகத்தில் படியும் சமமான பழுப்பு நிறம் அழுக்கு இல்லை. அதுவே உள்ளேயிருக்கும் உலோகத்துக்கு ஒரு போர்வை. விட்டுவிடுங்கள். பச்சைப் பொடி கிளம்பினால் மட்டும் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

வெள்ளிச் சாமான் ஏன் இவ்வளவு சீக்கிரம் கறுக்கிறது?

காற்றிலிருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்வதால். ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவைத்தால் அந்த இடத்தில் கோடு கோடாகக் கறுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், ரப்பரிலும் கந்தகம் இருக்கிறது. பருத்தித் துணியில் சுற்றி, மூடி இறுக்கமான டப்பாவில் பலகையில் எழுதும் சாக்குக் கட்டி இரண்டோடு வையுங்கள். சாக்குக் கட்டி ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

துலக்குவதற்குச் சலித்த நைஸான திருநீறே போதும். பற்பசை வேண்டாம். பல்லுக்கான பொடி வெள்ளிக்கு முரடு, கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். கீறல் விழுந்த வெள்ளி இன்னும் வேகமாகக் கறுக்கும். வெள்ளி முலாம் பூசிய சாமானை எதைக் கொண்டும் தேய்க்காதீர்கள், முலாம் போனால் போனதுதான்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக் கோவிலுக்குப் புறப்படும் நகரத்தாரின் வெள்ளி ரதம் 1894-இல் காரைக்குடியில் செய்து கப்பலில் வந்தது. நூற்று முப்பது வருடமாக மழையும் வெயிலும் கற்பூரப் புகையும் பட்டும் அது இன்றும் ஓடுகிறது. ஒவ்வொரு வருடமும் அதைப் பார்க்கும்போது, முன்னால் உடையும் தேங்காய்களைவிட அதைத் துடைத்த கைகள்தான் எனக்கு ஞாபகம் வரும்.

சங்கு, ஸ்படிகம், சாளக்கிராமம், உருத்திராட்சம்?

சங்கைப் பற்றி என் தப்பையே சொல்கிறேன். கல்யாணமான மூன்றாம் வருடம், பித்தளைச் சாமான் ஊறிக்கொண்டிருந்த புளித்தண்ணீரில் பூசைச் சங்கையும் சேர்த்துப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தண்ணீரில் பொடிப்பொடியாகக் குமிழி. எடுத்துப் பார்த்தால் சங்கின் வழுவழுப்பு போய், கோலமாவு பூசியதுபோல் சொரசொரப்பாக இருந்தது. சங்கு சுண்ணாம்புச் சத்தால் ஆனது, புளிப்பு எதுவாக இருந்தாலும் அதைக் கரைத்துவிடும். அந்தப் பளபளப்பு இன்றுவரை திரும்பவில்லை. இன்னும் அதில்தான் தீர்த்தம் விடுகிறேன். விரலில் அந்தச் சொரசொரப்பு படும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சங்குக்கும் முத்துக்கும் வெறும் தண்ணீர், மென்மையான துணி, அவ்வளவுதான்.

ஸ்படிக லிங்கத்துக்கு வெந்நீர் அபிஷேகம் வேண்டாம். சூடும் குளிரும் சட்டென்று மாறினால் உள்ளே விரிசல் ஓடும். சாளக்கிராமம் நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைப்பது, உள்ளே தெரியும் சக்கரம் கோடிக்கணக்கான வருடத்துக்கு முந்தைய கடல் உயிரின் சுவடு. தண்ணீர் அபிஷேகம் அதற்குத் தகும். உருத்திராட்சம் ஒரு மரத்தின் கொட்டை. சோப்புத் தண்ணீரில் ஊறவிடாமல், அவ்வப்போது ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவி, நூல் நைந்தால் அறுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

சாமி படங்களில் பூசணம் வருகிறது. என்ன செய்வது?

முதலில் சுவரைத் தொட்டுப் பாருங்கள். கொண்டோவிலும் பிளாட்டிலும் சாமி மேடைக்கு இடம் தேடி, பின்பக்கம் குளியலறை இருக்கும் சுவரிலேயே மாட்டிவிடுகிறோம். அந்தச் சுவரின் ஈரம் படத்தின் முதுகு வழியாக ஏறும். ஆகாது என்று பெரியவர்கள் சொன்ன இடத்தில் இந்தக் காரணமும் இருக்கிறது. வேறு சுவர் இல்லையென்றால் சட்டத்தின் நான்கு மூலையிலும் பின்னால் சிறிய தக்கை ஒட்டுங்கள், காற்று போய்வரும்.

சரம் போடும்போது ஈரப்பூ கண்ணாடியில் ஒட்டாமல் பாருங்கள். கண்ணாடியைத் துடைக்கும்போது தண்ணீரைப் படத்தின் மேல் தெளிக்காமல் துணியில் தெளித்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் ஓவியமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதில் புடைத்து நிற்பது சாக்குப் பொடியும் பசையும் சேர்ந்த மாவு, அதன் மேல் தங்க ரேக். ஈரம் பட்டால் உப்பி உதிரும். கண்ணாடிக்கு உள்ளே பூசணம் தெரிந்தால் நீங்களே பிரிக்காதீர்கள்.

பழைய, சேதமான சாமி படங்களை அரசமரத்தடியில் வைத்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம்.

சாலையோர மரத்தடியில், ஆற்றங்கரையில் சாமி படங்கள் சாய்த்து வைத்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். போன மழைக்காலத்தில் எங்கள் குடியிருப்புத் தமானுக்குப் பின்னால் ஒரு மகாலட்சுமி படம் இருந்தது. கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து, முகத்தில் பாதி கரைந்திருந்தது. கண்ணாடி மேல் ஒரு நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவர் எத்தனையோ வருடம் விளக்கேற்றிக் கும்பிட்ட படம் அது. குப்பையில் போட மனம் வராமல்தான் அங்கே வைத்திருப்பார். அந்த மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் அடுத்த நாள் நகராண்மைக் கழகத்து ஆட்கள் அள்ளிப் போவது அதே குப்பை வண்டியில்தான்.

முதலில் உங்கள் கோவிலில் கேளுங்கள், பழைய படங்களை வாங்கிக்கொள்கிறார்களா என்று. இல்லையென்றால் வீட்டிலேயே செய்யலாம். கடைசியாக ஒரு தீபம் காட்டி, "இத்தனை நாள் காத்தாய் தாயே" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு, சட்டம், கண்ணாடி, காகிதம் மூன்றையும் பிரியுங்கள். சட்டத்தை வேறு படத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றி, எடுப்பவர் கையைக் கிழிக்காதபடி ஒட்டிப் போடுங்கள். சாமி உருவம் உள்ள காகிதத்தைச் சுத்தமான வாளியில் ஊறவைத்தால் ஓரிரு நாளில் கூழாகிவிடும், அதைச் செடியடியில் புதைத்துவிடலாம். எரிப்பது சில வீட்டு வழக்கம். ஆனால் பிளாஸ்டிக் பூசிய படத்தை எரிக்காதீர்கள், அந்தப் புகை நல்லதல்ல.

இதோடு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கல்யாணப் பத்திரிகை, நாட்காட்டி, ஊதுபத்திப் பெட்டி என்று எல்லாவற்றிலும் சாமி படத்தை அச்சடித்துவிட்டு, பிறகு அதை எங்கே போடுவது என்று தவிக்கிறோம். பத்திரிகைக்கு ஒரு பிள்ளையார் சுழி போதாதா? என் மகள் கல்யாணத்துக்கு அப்படித்தான் அச்சடித்தோம்.

விக்கிரகம் கை தவறி விழுந்து உடைந்துவிட்டது. குற்றமா?

பயப்படாதீர்கள். வேண்டுமென்று போட்டவர் யார்? உடைந்த துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிச் சுத்தமான துணியில் கட்டிவைத்து, குருக்களிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். முகம், கை, கால் போன்ற முக்கிய அங்கம் பின்னமானால் ஒரு விதம், நகை நுனியோ ஆயுத முனையோ போனால் வேறு விதம் என்று சொல்வார்கள். உலோகமாக இருந்தால் உருக்கி மறுபடி வார்க்கவும் வழியுண்டு. கண்ட பசையையும் போட்டு நீங்களாக ஒட்டாதீர்கள்.

வேலைக்குப் போகும்போது விளக்கு எரியட்டும் என்று விடலாமா?

கூடாது. மரத்தில் செய்த சாமி மேடை, பின்னால் பட்டுத்திரை, பக்கத்தில் காய்ந்த பூ, மேலே காற்றாடி. ஒரு பொறி போதும். விளக்கை வாயால் ஊதக் கூடாது, பூவின் காம்பால் திரியை எண்ணெய்க்குள் இழுத்து மலையேற்றுங்கள். விளக்கின் சுடருக்கு நேர் மேலே ஒரு முழமாவது வெற்றிடம் இருக்கட்டும். விளக்கடியில் மணல் பரப்பிய பித்தளைத் தட்டு வைப்பது என் வழக்கம்.

வீட்டு வேலைக்கு வரும் அம்மா இஸ்லாமியர். சாமி மேடையைத் துடைக்கச் சொல்லலாமா?

சொல்லாமல் இருப்பதே இரண்டு பக்கத்துக்கும் மரியாதை. நம் சாமியைத் தொடுவதில் அவருக்கும் தயக்கம் இருக்கலாம், மறுத்தால் வேலை போய்விடுமோ என்று பேசாமல் செய்வார். மேடைக்குக் கீழே தரை வரை அவர் துடைக்கட்டும். மேலே இருப்பது வீட்டாரின் வேலை. பத்து நிமிடம்தான் ஆகும்.

தீட்டு நாட்களில்?

உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அது. வீட்டுக்கு வீடு மாறுகிற இதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். துக்கம் நடந்த வீட்டில் மட்டும் ஒரு யோசனை. மேடையைத் திரைபோட்டு மூடும் முன் பூ, பழம், பால் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பதினாறு நாள் கழித்துத் திறக்கும்போது அழுகிய வாடை வர வேண்டாம்.

காவடி மயிலிறகை அடுத்த வருடம் வரை எப்படி வைப்பது?

இறகைப் பூச்சி தின்னும், அதுதான் பெரிய ஆபத்து. காலை வெயிலில் விரித்து உலர்த்தி, பழைய பருத்தித் துணியில் தளரச் சுற்றி, வசம்புத் துண்டுகள் சேர்த்து வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வேர்க்கும். மாதம் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். வேல், அலகு இரண்டையும் கழுவித் துடைத்து, துளி எண்ணெய் தடவித் தனியாக வைக்கவும்.

இந்தியாவிலிருந்து விக்கிரகம் வாங்கி வரலாமா?

புதியதை வாங்கி வரலாம். கடைக்காரரிடம் ரசீதும், அது தொன்மையான பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்றும் கேளுங்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலைகளைத் தனியார் நாட்டை விட்டு எடுத்துச் செல்ல 1972-ஆம் வருடச் சட்டம் தடை செய்கிறது. "பழைய கோவில் சிலை, உங்களுக்காக மட்டும்" என்று யாராவது காட்டினால் தொடாதீர்கள். அது ஏதோ ஒரு ஊர்க் கோவிலில் காலியாகக் கிடக்கும் பீடத்துக்கு உரியது. வீட்டுக்கு ஒரு சாணுக்கு மேல் உயரமான விக்கிரகம் வேண்டாம் என்பார்கள், பெரிய மூர்த்திக்குத் தினமும் நைவேத்தியம் தவறக் கூடாது.

வீடு மாறும்போது?

சாமியை லாரியில் ஏற்றாதீர்கள். படங்களை முகத்தோடு முகம் வைத்து நடுவே துணி கொடுத்துக் கட்டுங்கள், விக்கிரகத்தைப் புதுத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காரில் போங்கள். புது வீட்டில் சாமி படம், விளக்கு, உப்பு, மஞ்சள், நிறைகுடம் முதலில் நுழையட்டும். மற்ற மூட்டைகளைப் பால் காய்ச்சிய பிறகு இறக்கிக்கொள்ளலாம்.

எனக்குப் பிறகு இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்வார்கள்?

என் வயதுப் பெண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி இது. பிள்ளைகள் ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் சிங்கப்பூரில். அவர்கள் வீட்டில் மேடைக்கு இடமில்லை, நேரமும் இல்லை.

இருக்கும்போதே ஒன்றிரண்டாகக் கொடுத்துவிடுங்கள். மொத்தமாக ஒரு பெட்டியில் வந்து சேர்ந்தால் அவர்களுக்குப் பாரம். ஒரு காமாட்சி விளக்கு மட்டும் வந்தால் ஏற்றுவார்கள். கொடுக்கும்போது அது யாருடையது என்று சொல்லிக் கொடுங்கள். பேரப்பிள்ளை வந்திருக்கும்போது மணியையாவது துடைக்கச் சொல்லுங்கள், சிறுபிள்ளைக் கைக்கு மணி பிடிக்கும்.

நான் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வருகிறேன். சாமானுக்கு ஒரு பக்கம். எங்கிருந்து வந்தது, எந்த உலோகம், எதால் துடைக்க வேண்டும், எது படக் கூடாது. முருகன் பக்கத்தில் மாமியார் பாட்டியின் பெயரும், "விரல் மட்டும், நார் கூடாது" என்றும் இருக்கிறது. அடுத்த பக்கத்தில்: "சங்கு. புளி ஆகாது. சொரசொரப்பு என் தப்பு, தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காதே."